கண் சொட்டு மருந்து: நாமே கலப்பதா, ரெடிமேடா, மதுரைக்கு அனுப்புவதா?

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் கண் பிரிவு நடத்தும் சின்ன ஆஸ்பத்திரிகளிலிருந்து வருஷத்துக்கு நாலைந்து முறையாவது இந்த போன் வரும். "அண்ணே, ஃபோர்ட்டிஃபைட் சொட்டு மருந்த நாமளே கலக்க ஆரம்பிச்சிரலாமா? லேமினார் ஃப்ளோ ஒண்ணு வாங்கிப் போடுவோமான்னு டாக்டர் கேக்குறாரு." லேமினார் ஃப்ளோ என்பது வடிகட்டிய சுத்தக் காற்றில் மருந்து கலக்கும் பெட்டி, ஹூடு என்றும் சொல்வோம். கேட்பவர் பெரும்பாலும் என்னைப் போல ஒரு ஃபார்மசிஸ்ட். கேள்விக்குப் பின்னால் ஒரு நோயாளி இருப்பார். கருவிழியில் வெள்ளையாகப் புண், கீழே சீழ் கட்டி, கடையில் வாங்கின சொட்டு மருந்தை ஒரு வாரம் போட்டும் கேட்காமல் வந்தவர்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு விளக்கம். கடையில் கிடைக்கும் டோப்ராமைசின் சொட்டு 0.3 சதவீதம். கருவிழிப் புண்ணுக்கு அதைப்போல நாலு மடங்குக்கு மேல் வீரியம் வேண்டும் என்று டாக்டர் நினைத்தால், அந்தப் பாட்டிலிலேயே ஊசி மருந்தைச் சேர்த்து வீரியம் ஏற்றுகிறோம், இதுதான் ஃபோர்ட்டிஃபைட் சொட்டு. செஃபாசோலின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக் என்றால் ஊசிப் பொடியைக் கரைத்துச் சொட்டாக ஆக்குகிறோம். பொடியாக இருக்கும்வரை அது வருஷக்கணக்கில் கெடாது. தண்ணீர் பட்டால் நாள் கணக்குதான். அதனால்தான் இது கரைத்த சொட்டாகக் கடையில் சாதாரணமாகக் கிடைப்பதில்லை, யாராவது அன்றைக்கு அன்றைக்குக் கலக்க வேண்டியிருக்கிறது.

எதை வைத்து எடை போடுவது?

முதல் அளவுகோல் கிருமி. நம் ஊரில் கண்ணில் அடிபடும் விதத்தை நினைத்துப் பாருங்கள். கரிமூட்டத்துக்குச் சீமைக்கருவேலம் வெட்டும்போது முள் அடிக்கும். சாயல்குடிப் பக்கம் பனையேறுகிறவருக்கு ஓலையோ கருக்கு மட்டையோ கீறும். தையில் கதிர் அறுக்கும்போது தாள் குத்தும். கச்சான் காற்றில் மணல் விழும். முள்ளும் ஓலையும் தாளும் உள்ளே கொண்டுபோவது பல நேரம் பாக்டீரியாவை அல்ல, பூஞ்சையை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு 1994ல் மூன்று மாதத்தில் வந்த 434 கருவிழிப்புண் நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 1997ல் வெளியானது. பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏறக்குறைய சரிபாதியாக இருந்தன. பாக்டீரியாவில் முதலிடம் நிமோகாக்கஸ், பூஞ்சையில் ஃபியூசேரியம். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு முன்பே கண்ணில் அடிபட்டிருந்தது.

அதாவது, எவ்வளவு சுத்தமாகக் கலந்தாலும் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஆன்டிபயாடிக் சொட்டு எதுவும் செய்யாது. அவர்களுக்கு வேண்டியது நாட்டாமைசின் 5 சதவீதம், அது ரெடிமேடாகவே கிடைக்கிறது. (குலுக்கிவிட்டுப் போடச் சொல்லுங்கள், அடியில் படியும்.) ஆகவே போன் செய்கிறவரிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி: "புண்ணைச் சுரண்டி எடுத்து, கே.ஓ.எச். (பூஞ்சையைத் தெரியவைக்கும் கரைசல்) போட்டுப் பார்க்க மைக்ராஸ்கோப்பும் ஆளும் இருக்கா?" இல்லையென்றால் ஹூடுக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் அதை வாங்குங்கள். பல பேருக்கு இந்தப் பதில் பிடிப்பதில்லை.

மற்ற அளவுகோல்களில் முதல் சொட்டு விழ எத்தனை மணி நேரம் ஆகும் என்பதும், சுத்தமும், செலவும் எல்லோரும் யோசிப்பவை. எல்லோரும் மறப்பது இரண்டு. ஒன்று கணக்கு: எத்தனை மில்லி, எத்தனை மில்லிகிராம், எத்தனை தடவை நீர்க்க வைப்பது. இன்னொன்று குளிர்ச்சி: அந்தப் பாட்டில் ஆஸ்பத்திரியை விட்டுப் போன பிறகு எங்கே இருக்கும்?

ரெடிமேட் சொட்டு

இங்கே முக்கியமாக மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் 0.5 சதவீதத்தைத்தான் பேசுகிறேன். பழைய ஆட்கள் இதைக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள், "அது சும்மா செவந்த கண்ணுக்குப்பா" என்று. ஆனால் 2013ல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், ஓட்டை விழாத பாக்டீரியாப் புண்ணுக்கு மாக்ஸிஃப்ளாக்சசின் மட்டும் போட்டவர்களுக்கும், கலந்த செஃபாசோலின், டோப்ராமைசின் இரண்டையும் போட்டவர்களுக்கும் குணமாவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஸ்டீராய்டு சேர்ப்பதால் பலனுண்டா என்று 500 நோயாளிகளிடம் பார்த்து 2012ல் வெளியான ஆய்விலும் எல்லோருக்கும் அடிப்படை ஆன்டிபயாடிக் மாக்ஸிஃப்ளாக்சசின்தான். எரிச்சலும் குறைவு. கலந்த மருந்து எரிகிறது என்பதற்காகவே ராத்திரிச் சொட்டை விட்டுவிடும் நோயாளிகள் உண்டு. எரியாத மருந்து ஒழுங்காக விழும், ஒழுங்காக விழுந்தால்தான் வேலை செய்யும்.

பாட்டில் திறக்கும்வரை சாதாரண அறையில் தாங்கும், லேபிள் இருக்கும், தேதி இருக்கும். ராத்திரி பத்து மணிக்கு தொண்டியிலிருந்து ஒருவர் வந்தாலும் பத்து நிமிஷத்தில் முதல் சொட்டு விழுந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவு வேறு இடத்தில். இதே மருந்தைக் கண் சிவந்தாலே மெடிக்கலில் கொடுத்துவிடுகிறார்கள். நம்மிடம் வரும்போது நோயாளி அதை ஏற்கெனவே நாலு நாள், அதுவும் ஒரு நாளைக்கு மூன்று வேளை, போட்டிருப்பார். கிருமி அரைகுறையாக அடிவாங்கிப் பழகியிருக்கும். அதைவிட மோசம், பெயரில் ஒரே ஒரு எழுத்து மாறும் இன்னொரு பாட்டில். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். பூஞ்சைப் புண்ணில் அது விழுந்தால் நெருப்பில் எண்ணெய். பழைய பாட்டிலைக் கையோடு கொண்டுவரச் சொல்லிப் பெயரை நீங்களே படியுங்கள். "மூடி வெள்ளையா இருந்துச்சு" என்ற பதிலை நம்பி நான் ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கம்பெனி மருந்து என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்பதில்லை. 2023ல் அமெரிக்காவில், இந்தியாவிலிருந்து போன செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு ஒன்றில் சூடோமோனாஸ் கிருமி இருந்ததால் பலர் பார்வை இழந்தார்கள், சிலர் உயிரையே இழந்தார்கள். பாட்டிலின் சீல், தேதி, கலங்கலைப் பார்க்கும் வேலை ரெடிமேடிலும் நமக்கு உண்டு.

இது பொருந்தும் இடம்: புண் சின்னது, ஓரத்தில் இருக்கிறது, பூஞ்சை இல்லை என்று பார்த்தாயிற்று, நோயாளி வீட்டிலிருந்தே போட்டுக்கொள்ளப் போகிறார். எங்கள் அனுபவத்தில் பாக்டீரியாப் புண்ணோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்தக் கூட்டம்தான்.

ஆஸ்பத்திரியிலேயே கலப்பது

கலக்கும் வேலை பார்க்கச் சுலபம். 5 மி.லி. டோப்ராமைசின் சொட்டில் 15 மி.கி. மருந்து இருக்கிறது. அதில் 2 மி.லி. ஊசி மருந்தை, அதாவது 80 மி.கி.யைச் சேர்த்தால் 7 மி.லி.யில் 95 மி.கி. ஒரு மில்லிக்குப் பதிமூன்றரை, ஏறக்குறைய 1.36 சதவீதம். செஃபாசோலின் 500 மி.கி. வயலில் (ஊசி மருந்துக் குப்பியில்) 10 மி.லி. ஊசிக்கான ஸ்டெரைல் வாட்டர் விட்டால் 5 சதவீதம். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கும் இதே கணக்குதான், ஆனால் அது அமிலத்தன்மை உள்ளது, நன்றாக எரியும். சூடோமோனாஸ் செஃபாசோலினுக்கு அசையாது, நிமோகாக்கஸை டோப்ராமைசின் சரியாகப் பிடிக்காது. அதனால்தான் இரண்டும் ஜோடியாகப் போகின்றன, ஐந்து நிமிஷ இடைவெளியில்.

பொறி, எல்லாவற்றையும் ஒரே பழக்கத்தில் செய்வதில் இருக்கிறது. ஆம்ஃபோடெரிசின் பி என்ற பூஞ்சை மருந்தின் பொடியைக் கைப்பழக்கத்தில் சலைனில் கரைத்தால் திரிந்துவிடும். அதற்கு ஸ்டெரைல் வாட்டர், அல்லது 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் மட்டும்தான். பக்கத்தில் நிற்கும் சிஸ்டர் "சலைன் இருக்கே சார்" என்று நல்லெண்ணத்தில் நீட்டுவார்.

ஹூடு பற்றி. சுத்தமான காற்று முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் ஹூடின் விலையோடு செலவு முடிவதில்லை. காற்றை வடிகட்டும் ஹெப்பா ஃபில்டரை மாற்ற வேண்டும், காற்றோட்டத்தை அவ்வப்போது ஆள் வைத்து அளந்து பார்க்க வேண்டும். நம் உப்புக்காற்றில் ஏ.சி.யின் வெளிப்பெட்டி எத்தனை வருஷம் தாங்குகிறது என்று உங்களுக்கே தெரியும். அதே உப்பு ஹூடு வைத்த அறையின் திருகுகளையும் தின்னும். அந்த அறைக்குக் கதவு ஒழுங்காக மூட வேண்டும், உள்ளே அட்டைப்பெட்டி இருக்கக் கூடாது. நான் பார்த்த ஓர் இடத்தில் ஹூடின் மேல் தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் இருந்தது. எந்த இடம் என்று சொல்ல மாட்டேன்.

ஹூடைவிட விலை உயர்ந்தது ஆள். கலக்கப் பழகியவர் ஒருவர்தான் இருக்கிறார் என்றால் உங்களிடம் அந்த வசதி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் கல்யாணத்துக்குப் போகும் நாளில்தான் சீழ்க்கண் வரும். குறைந்தது இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கலக்க, மற்றவர் பக்கத்தில் நின்று கணக்கைத் தனியாகப் போட்டுப் பார்க்க. கலந்தவர், சரிபார்த்தவர், வயலின் பேட்ச் எண், கலந்த நேரம், தூக்கிப் போட வேண்டிய நேரம் எல்லாம் ஒரு ரெஜிஸ்டரில் ஏற வேண்டும். வேலை அரை மணி நேரம், எழுத்து கால் மணி நேரம். 10 மி.லி. கலந்தால் ஒருவருக்கு 5 மி.லி. போகும். மீதிக்கு அந்த வாரம் இன்னொரு நோயாளி வராவிட்டால் சிங்க்கில் கொட்ட வேண்டியதுதான். வாரத்துக்கு ஒரு நோயாளி என்ற கணக்கில் ஓடும் இடத்துக்கு இது கட்டுப்படியாகாது.

இனி குளிர்ச்சி. ஒரு சொட்டு சுமார் 0.05 மி.லி., ஆக 5 மி.லி. பாட்டிலில் நூறு சொட்டு. மணிக்கொன்று வீதம் இரவு பகலாகப் போட்டால் நாலு நாளில் காலி. கலந்த செஃபாசோலினை 2 முதல் 8 டிகிரியில் வைத்து நாலு நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் தூக்கிப் போடுவது பல இடங்களில் வழக்கம். மருந்து தீர்வதும் கெடுவதும் ஏறக்குறைய சேர்ந்தே வருகின்றன, ஃபிரிட்ஜ் இருந்தால். வெளியில் வைத்தால் செஃபாசோலின் மஞ்சளாகும், வீரியம் குறையும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அது எத்தனை நாள் தாங்கும் என்று நான் சோதித்துப் பார்க்க விரும்பவில்லை.

"ஃபிரிட்ஜ் இருக்கா?" என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள், கௌரவப் பிரச்சினை. தங்கச்சிமடத்துக்காரர் ஒருவர், "அதெல்லாம் குளுகுளுன்னு வச்சிருக்கேன் சார்" என்றார். மூன்றாம் நாள் அவர் மனைவி பாட்டிலைக் கொண்டுவந்தபோதுதான் தெரிந்தது, பாலிதீன் பையில் சுற்றி மீன் ஐஸ் பெட்டிக்குள் வைத்திருந்தார். குளிர்ச்சி என்னவோ அருமையான குளிர்ச்சி. பையில் மீன் கழுவின தண்ணீர் ஏறியிருந்தது. தப்பு என்னுடையது. எங்கே வைப்பீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும், இருக்கிறதா என்று கேட்டது வீண். இப்போதெல்லாம் "பால் எங்க வைப்பீங்க ஆத்தா?" என்று வீட்டுப் பெண்களிடம்தான் கேட்கிறேன். பதில் சரியாக வருகிறது.

ஆகவே கலப்பது எங்கே பொருந்தும்? நோயாளி வார்டில் படுத்திருக்கும்போது. ஃபிரிட்ஜ் நம்முடையது, ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிச் சொட்டு விடுவது நம் சிஸ்டர். புண் பெரிது, கருவிழிக்கு நடுவில், சீழ் கட்டியிருக்கிறது, கிராம் ஸ்டெயினில் (சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் சோதனையில்) நிமோகாக்கஸ் தெரிகிறது, அல்லது மாக்ஸிஃப்ளாக்சசினை இரண்டு நாள் ஒழுங்காகப் போட்டும் அசையவில்லை என்றால் இதைத்தான் செய்ய வேண்டும். படுக்கை இல்லாத இடத்தில் கலந்து வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவதை நான் ஆதரிக்கவில்லை.

மதுரைக்கு அனுப்புவது

ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 170 கிலோமீட்டர், ராமநாதபுரம் டவுனிலிருந்தே 110க்கு மேல். 1976ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி பதினோரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் அங்கே இருப்பதால் கண் என்றாலே மதுரை என்று நம் சனங்களுக்கு மனசில் பதிந்துவிட்டது, தப்பில்லை. 2022லிருந்து ராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, முதல் படியாக அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

செலவு பஸ் டிக்கெட்டோடு நிற்காது. துணைக்கு ஒருவர் வர வேண்டும், இரண்டு பேரின் கூலி போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் "மதுரைக்குப் போங்க" என்றால் கடல்காரர் உடனே கிளம்பிவிடுவார், கையில்தான் காசிருக்காது. மற்ற மாதங்களில் "ஒரு பாடு போயிட்டு வந்து போறேன்" என்பார், அதாவது ஒரு தடவை கடலுக்கு. அதற்குள் புண் ஓட்டையாகிவிடும்.

கண்ணில் ஓட்டை விழுந்தவர், விழப்போகிறவர், குழந்தை, ஏற்கெனவே ஒற்றைக் கண்ணோடு இருப்பவர், ஆழமான பூஞ்சைப் புண்: இவர்களை வைத்துக்கொண்டு நாம் வீரம் காட்டக் கூடாது. அனுப்பும்போது மூன்று காரியம். போகிற வழியிலும் மணிக்கொரு சொட்டு மாக்ஸிஃப்ளாக்சசின், கண்ணை அழுத்தாத பிளாஸ்டிக் ஷீல்டு, இதுவரை போட்ட மருந்துகளின் பெயர் எழுதிய சீட்டு. பஞ்சு வைத்து இறுகக் கட்டி அனுப்பாதீர்கள், புண்ணுள்ள கண்ணைக் கட்டுவது கிருமிக்குப் போர்வை போர்த்துவது.

மதுரையில் கலந்து வாங்கி, ஐஸ் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவரலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வழியில் என்ன ஆனாலும் யார் பொறுப்பு என்று தெரியாத மருந்தை என் ரெஜிஸ்டரில் ஏற்ற மாட்டேன்.

| | ரெடிமேட் | நாமே கலப்பது | மதுரை |
|---|---|---|---|
| முதல் சொட்டு | சில நிமிஷம் | ஆள் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் | அரை நாள், பல நேரம் இரண்டு நாள் |
| கணக்கில் தப்பு வர வாய்ப்பு | இல்லை | உண்டு, இரண்டாவது ஆள் கட்டாயம் | அவர்கள் பொறுப்பு |
| குளிர்ச்சி | பெரும்பாலும் தேவையில்லை | கட்டாயம் | அங்கே படுத்தால் கவலை இல்லை |
| மறைந்த செலவு | ஏற்கெனவே அரைகுறையாகப் போட்டிருப்பது, ஸ்டீராய்டுக் குழப்பம் | ஃபில்டர், ஆள், கொட்டும் மருந்து | இரண்டு பேர் கூலி, தாமதம் |
| யாருக்கு | சின்னப் புண், வீட்டு நோயாளி | பெரிய புண், வார்டு நோயாளி | ஓட்டை, குழந்தை, ஒற்றைக் கண், ஆழமான பூஞ்சை |

ஊசிக்கு இந்தக் கணக்குச் செல்லாது

சொட்டு மருந்தில் வீரியம் கொஞ்சம் கூடினால் எரியும், குறைந்தால் மெதுவாக ஆறும். கண்ணுக்குள் போடும் ஊசியில் அந்தச் சலுகை இல்லை. உள்ளே போவது 0.1 மி.லி., அதில் பத்து மடங்கு தப்பு நடந்தால் விழித்திரை போய்விடும். ஜென்டாமைசின் அளவு மீறி உள்ளே போனதால் விழித்திரையின் நடுப்பகுதிக்கு ரத்த ஓட்டமே நின்றுபோன கேஸ்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

கண்புரை ஆபரேஷன் முடிவில் போடும் தடுப்பு ஊசியை முதலில் பார்ப்போம். 2007ல் ஐரோப்பிய ஆய்வொன்று, முடிவில் 1 மி.கி. செஃபுராக்சிம் கண்ணுக்குள் போட்டால் உட்கண் தொற்று ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது என்று காட்டியது. அதற்குப் பிறகு பல இடங்களில் 750 மி.கி. வயலை நீர்க்க வைத்து, மறுபடி நீர்க்க வைத்து, அன்றைய ஆபரேஷன்களுக்கெல்லாம் பங்கு போடும் பழக்கம் வந்தது. எனக்கு இது பிடிக்காது. ஒரு படி தவறினால் அன்றைக்குப் படுத்த அத்தனை பேரின் கண்ணும் சேர்ந்து போகும். நம் பக்கம் இதற்கு நல்ல மாற்று இருக்கிறது: மதுரையில் 1992ல் தொடங்கிய ஆரோலேப் தயாரிக்கும், கண்ணுக்குள் போடுவதற்கென்றே உள்ள மாக்ஸிஃப்ளாக்சசின். அரவிந்த் மருத்துவர்கள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்களை வைத்து 2017ல் வெளியிட்ட கணக்கில், இந்த ஊசி போடாதவர்களுக்கு 0.07 சதவீதமாக இருந்த தொற்று, போட்டவர்களுக்கு 0.02 சதவீதம். இதில் நான் இரண்டு பக்கமும் பேசப் போவதில்லை. ரெடிமேடை வாங்குங்கள், ஒரு வயலை ஒரு கண்ணோடு முடியுங்கள். கடையில் விற்கும் மாக்ஸிஃப்ளாக்சசின் சொட்டைச் சிரிஞ்சில் இழுத்து உள்ளே போடுவது மட்டும் கூடவே கூடாது. எந்தப் பாட்டிலில் மருந்து கெடாமலிருக்க என்ன சேர்த்திருக்கிறது என்று மூடியைப் பார்த்துத் தெரியாது.

உட்கண்ணில் ஏற்கெனவே சீழ் வைத்துவிட்டால்? வழக்கமான ஜோடி வான்கோமைசின் 1 மி.கி., செஃப்டாசிடிம் 2.25 மி.கி., தலா 0.1 மி.லி.யில். வான்கோமைசின் 500 மி.கி.யை 10 மி.லி.யில் கரைத்தால் மில்லிக்கு 50. அதில் 1 மி.லி. எடுத்து 4 மி.லி. சேர்த்தால் மில்லிக்கு 10, அதில் 0.1 மி.லி. என்றால் 1 மி.கி. இரண்டாவது படியை மறந்தால் ஐந்து மடங்கு உள்ளே போகும். செஃப்டாசிடிமுக்கு இலக்கு மில்லிக்கு 22.5. இரண்டையும் ஒரே சிரிஞ்சில் எடுத்தால் வெள்ளையாகத் திரியும், தனித்தனி சிரிஞ்ச்தான். பயத்தில் கையை ஐஸ் தண்ணீரில் விட்டது போல இருக்கும், முதல் தடவை கலக்கும்போது.

விழித்திரை டாக்டர் இருக்கும் இடத்துக்கு உடனே அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள். பாம்பனைத் தாண்டவே முடியாத புயல் ராத்திரியாக இருந்து, ஊசி போடத் தெரிந்த கண் டாக்டர் பக்கத்தில் இருந்தால் மட்டும் கலக்குங்கள். அந்த ராத்திரிக்காக நாங்கள் ஒரு பிளாஸ்டிக் டப்பா வைத்திருக்கிறோம். உள்ளே இரண்டு மருந்தின் வயல், ஸ்டெரைல் வாட்டர், 1 மி.லி. சிரிஞ்சுகள், படிப்படியாகக் கணக்கு எழுதி லேமினேட் செய்த அட்டை. கணக்கை மனசில் போடத் தடை. மாசம் ஒரு தடவை காலாவதித் தேதியைப் பார்ப்போம்.

வெண்விழியை மூடியிருக்கும் மெல்லிய படலத்துக்கு அடியில் போடும் ஊசி பழைய பழக்கம். மணிக்கொரு சொட்டு ஒழுங்காக விழுமானால் பெரும்பாலும் தேவைப்படாது, வலியும் அதிகம்.

எங்கள் இடத்தில்

ஹூடு வாங்கினோம், ஆனால் மூன்றாவதாக. முதலில் மைக்ராஸ்கோப், அடுத்து மருந்துக்கு மட்டுமென்று ஒரு ஃபிரிட்ஜ், வெப்பமானியோடும் இன்வெர்ட்டரோடும். (அதில் யாரும் மோர் பாக்கெட் வைக்கக் கூடாது என்பதற்குத் தனிச் சண்டை போட வேண்டியிருந்தது.) வீட்டுக்குப் போகிறவருக்கு ரெடிமேட், வார்டில் படுப்பவருக்கு மட்டும் கலந்தது. லேபிளில் "4 நாள்" என்று எழுதுவதை விட்டுவிட்டோம், எப்போதிலிருந்து நாலு நாள் என்று எல்லோரும் அவரவர் வசதிக்கு எண்ணிக்கொண்டார்கள். இப்போது கிழமையும் நேரமும் எழுதுகிறோம்: "வெள்ளி காலை 10 மணிக்குக் கொட்டிவிடவும்."